பதினாறாவது நிமிஷம்

அவள் பரீட்சை எழுதக் கூடாது என்று ஆசைப்பட்டவள் நான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவள் என்றால் என் அத்தை மகள். ஒரே வீடு, ஒரே அறை, ஒரே அலமாரி, ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. என்னைவிட நான்கு மாதம் சின்னவள். நிஜப் பெயர் ஒன்று இருக்கிறது, அதை வைத்து அவளை யாரும் கூப்பிட்டதில்லை. எழுத்து முத்து முத்தாக இருக்குமாம், அதனால் ஊருக்கே அவள் 'முத்து'. என் எழுத்து கோழிக் கிறுக்கல். அதற்காக யாரும் எனக்குப் பெயர் வைக்கவில்லை, அந்த மட்டுக்கும் புண்ணியம்.

அத்தைக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய் வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் பண்ண வேண்டும். "என் தங்கச்சி பொண்ணு படிப்பு கெட்டுடக் கூடாது" என்று அப்பாதான் இவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். வந்த அன்றைக்கே அம்மா "பாவம்" என்றாள். பக்கத்து வீட்டுக்காரி "பாவம்" என்றாள். அந்த ஒரு பாவத்தை வைத்துக்கொண்டே ஜன்னல் ஓரக் கட்டில், அலமாரியில் மேல் தட்டு, அப்பா பைக்கின் பின் சீட்டு எல்லாம் அவளுக்குப் போய்விட்டது. நான் முணுமுணுத்தால் "உனக்கு மனசே இல்லையாடி" என்று எனக்குத்தான் திட்டு.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேதியியல் மேடம் விஷயம். முதல் வருஷம், ஆய்வுக்கூடத்தில் பியூரெட் என்கிற கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கும் வகுப்பு. ஒரு சொட்டு கூடினாலும் வெளிர் ரோஜா நிறம் அடர் ரோஜாவாகிவிடும், திரும்ப முதலிலிருந்து. எனக்கு முதல் தடவையே சரியாக வந்தது. மேடம் என் பின்னால் வந்து நின்று, "ஆடாத கைம்மா உன் கை" என்றார். அந்த வார்த்தையை ஒரு வருஷம் பத்திரமாக வைத்திருந்தேன். இரண்டாம் வருஷம் முதல் நாள் அதே மேடம், அதே மேஜை, முத்துவின் பின்னால் நின்று, "ஆடாத கைம்மா உன் கை" என்றார். ஒரு எழுத்து மாறவில்லை. என் வயிற்றில் அன்றைக்குப் பிடித்த எரிச்சல், எந்த மருந்துக்கும் அடங்கவில்லை.

இனி அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கல்லூரியில் சேரும் நாளில் ஒரு தாள் கொடுப்பார்கள். நடுவில் கோடு. இடப் பக்கம் மாணவர் கல்லூரிக்குத் தர வேண்டியது, வலப் பக்கம் கல்லூரி மாணவருக்குத் தர வேண்டியது. இடப் பக்கத்தின் கீழ் நாம் கையெழுத்துப் போட வேண்டும், வலப் பக்கத்தின் கீழ் முதல்வர் போட்டிருப்பார். ஆய்வுக்கூடக் கதவின் பின்னால் அதைப் பெரிதாக ஒட்டியும் வைத்திருந்தார்கள். இடப் பக்கத்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து வருகை, அதற்குக் குறைந்தால் பரீட்சை கிடையாது. வலப் பக்கத்தில் ஆசிரியர் பதினைந்து நிமிஷத்துக்குள் வராவிட்டால் மாணவர்கள் காத்திருப்பு நோட்டில் எழுதி, மூன்று பேர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலையலாம், அந்த வகுப்பு நடக்காததாகக் கருதப்படும், செமஸ்டர் முடிவதற்குள் கல்லூரி அதைத் திருப்பி எடுத்துத் தர வேண்டும்.

காத்திருப்பு நோட்டு வகுப்புப் பிரதிநிதியிடம் இருக்கும். பிரதிநிதி நான்தான். நோட்டு என் கைக்கு வந்தபோது அதில் ஒரு வரிகூட இல்லை. மூன்று வருஷமாக எந்தப் பிரதிநிதியும் ஒரு ஆசிரியரின் மேலும் எழுதியதில்லை. வெள்ளைக் காகிதத்தைப் பார்த்தாலே எனக்குக் கை பரபரத்தது.

எங்களுக்குத் திங்கள் முதல் வியாழன் வரை தினமும் செய்முறை வகுப்பு. முத்து செவ்வாய் வர மாட்டாள், அத்தையோடு ஆஸ்பத்திரியில் இருப்பாள். அதனால் புதன்கிழமை காலையில் மேடம் அவளைத் தராசு அறைக்குள் கூட்டிப் போய், செவ்வாய் நடந்த பரிசோதனையைச் செய்து காட்டுவார். தராசு அறை எங்கள் கூடத்துக்கு அடுத்த கதவு. காற்று பட்டால் எடை தப்பிவிடும் என்று மூடியே வைத்திருப்பார்கள். கண்ணாடி வழியாக இரண்டு தலைகளும் குனிந்து சேர்ந்திருப்பது தெரியும். நாங்கள் நாற்பத்தொரு பேர் இந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு கொட்டாவி விட்டுக்கொண்டிருப்போம்.

முதல் புதன்கிழமையே கடிகாரத்தைப் பார்த்தேன். பதினைந்து முடிந்து பதினாறாவது நிமிஷத்துக்கு முள் நகர்ந்ததும் எழுதினேன். கையெழுத்துப் போட மூன்று பேர் வேண்டும். நான் ஒருத்தி, முன் பெஞ்சில் இன்னொருத்தி, மூன்றாவது எங்கள் வகுப்பின் 'ரேடியோ'. ஒரு விஷயம் அவன் காதில் விழுந்தால் அடுத்த நிமிஷம் வாசல் வரை கேட்கும்.

"பக்கத்து ரூம்லதானே இருக்காங்க, கதவைத் தட்டினா வந்துடுவாங்க" என்றான் ரேடியோ.

"தட்டணும்னு தாள்ல எங்க எழுதியிருக்கு?" என்றேன்.

அவன் யோசித்தான். இரண்டு மணி நேரம் சும்மா சுற்றலாம் என்பது மண்டையில் ஏறியதும் போட்டுவிட்டான். இருபதாவது நிமிஷம் மேடமும் முத்துவும் உள்ளே வந்தபோது கூடம் காலி. நான் படிக்கட்டின் திருப்பத்தில் நின்று பார்த்தேன். மேடம் மணிக்கட்டைத் திருப்பி நேரத்தைப் பார்த்தார். முத்து ஒவ்வொரு மேஜையாகப் பார்த்தாள். எனக்குச் சர்க்கரை சாப்பிட்ட மாதிரி இருந்தது.

மேடம் மாறவில்லை. ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடலாம் என்று நினைப்பார்போல, அந்த ஐந்து இருபதாகிவிடும். அடுத்த புதனும் எழுதினேன். அதற்கடுத்ததும். வகுப்பில் என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். எனக்கும் ஒரு பெயர் கிடைத்தது, 'கடிகாரம்' என்று. நடுவில் எனக்கு மஞ்சள் காமாலை வந்து இரண்டு வாரமும் ஒரு நாளும் படுத்திருந்தேன். நான் இல்லாத இரண்டு புதன்கிழமையும் வகுப்பு ஒழுங்காக நடந்ததாம். யாருக்கும் எழுதத் துணிச்சல் இல்லை. எழுந்து வந்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

செமஸ்டர் பாதியில் வருகைப் பட்டியல் ஒட்டினார்கள். முத்துவின் பெயருக்கு நேரே எழுபதுக்குப் பக்கமாக ஒரு எண். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் வராதது செவ்வாய் மட்டும். நான் அழித்தது எல்லாம் அவள் வந்திருந்த புதன்கிழமைகள். நடக்காத வகுப்புக்கு வருகை ஏது? மேடத்தைக் குட்டுவதற்காக ஆரம்பித்தது இவள் காலை வாருகிறது. நல்லவளாக இருந்தால் அன்றைக்கு நிறுத்தியிருப்பேன். நானோ பேனாவுக்கு மை நிரப்பினேன்.

செய்முறை வகுப்புகள் முடிந்தன. நடந்தது நாற்பது. நான் வந்தது முப்பத்தொன்று, எழுபத்தேழரை. அவள் வந்தது இருபத்தெட்டு, எழுபது. ஹால் டிக்கெட் எனக்கு உண்டு, அவளுக்கு இல்லை. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. மனசுக்குள் மட்டும் கும்மி அடித்தேன்.

செமஸ்டர் முடிவில் துறைத் தலைவர் காத்திருப்பு நோட்டைப் பார்ப்பது வழக்கம். வருஷா வருஷம் காலி நோட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுப் பழகியவர். இந்த வருஷம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். என்னையும் மேடத்தையும் கூப்பிட்டார்.

"பத்து வகுப்பு" என்றார். "இது உண்மையா மேடம்?"

மேடம் மறுப்பார், என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். பதிலுக்குப் பதில் தயாராக வைத்திருந்தேன். மேடம், "உண்மைதான் சார். நேரத்துக்கு வராதது என் தப்பு. சனிக்கிழமைல ரெண்டு ரெண்டா எடுத்து, அஞ்சு வாரத்துல முடிச்சுத் தர்றேன்" என்றார். வெளியே வந்து என்னைப் பார்த்து, "எழுதினது சரிதாம்மா. ஒருத்திக்குக் குடுக்கறதா நினைச்சு நாப்பத்தொரு பேர்கிட்ட எடுத்துட்டேன்" என்றார். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

துறைத் தலைவர் ஒரு முன்னறிவிப்புத் தாள் கொடுத்தார். நாற்பத்திரண்டு பெயர், எதிரே 'அறிந்தேன்' என்று கட்டம். ஒவ்வொருவரிடமும் காட்டிக் கையெழுத்தும் தேதியும் வாங்கி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும், அது பிரதிநிதியின் வேலை. வகுப்பில் என்னைத் தூக்கி வைத்து ஆடிய அதே கூட்டம் சனிக்கிழமை போச்சே என்று என்னைக் கரித்துக் கொட்டியது. கொட்டிக்கொண்டே நாற்பது பேர் போட்டார்கள்.

முத்துவிடம் மட்டும் நீட்டவில்லை. அன்று வெள்ளிக்கிழமை, அவள் அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். அங்கிருந்து அத்தை வீட்டுக்குப் போனால் ஞாயிறு இரவுதான் திரும்புவாள். திரும்பிய பிறகும் அதே அறையில், அடுத்த கட்டிலில் படுத்துக்கொண்டு, நான் சொல்லவில்லை. என் கட்டமும் காலிதான். தாளைத் தூக்கிக்கொண்டு அலைபவளுக்குத் தனியாக எதற்கு அறிவிப்பு என்று அதைப் பற்றி நினைக்கவே இல்லை. இரண்டு காலிக் கட்டத்தோடு அலுவலகத்தில் கொடுத்தால் கேள்வி வரும் என்று தாளை நோட்டுக்குள் செருகி வைத்துவிட்டேன். அலுவலகத்தில் யாரும் கேட்கவும் இல்லை.

முதல் சனிக்கிழமை நான் போகவில்லை. தலைவலி. திங்கட்கிழமை ரேடியோ ஓடி வந்தான்.

"முத்து வந்திருந்தா. ரெண்டு வகுப்பும். மேடமே போன் பண்ணிச் சொன்னாங்களாம். உங்கப்பாதான் சனிக்கிழமை அவங்க அம்மாகூட இருக்கறாராமே?"

அப்பா சனிக்கிழமை காலையில் "தங்கச்சியைப் பாத்துட்டு வரேன்" என்று கிளம்பியது இதற்குத்தானா? அவள் படிக்க வேண்டும் என்று அப்பா காவல் இருக்கிறார், மேடம் போன் பண்ணுகிறார். எனக்கு யார் போன் பண்ணினார்கள்? அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்று. அவளும் மேடமும் கொஞ்சிக் குலாவுவதை வேடிக்கை பார்க்க நான் ஏன் போக வேண்டும்? பாக்கி வகுப்பு என்பது கல்லூரி எனக்குத் தர வேண்டியது. வாங்குவதும் வேண்டாம் என்பதும் என் இஷ்டம். முப்பத்தொன்று என் பையில் இருக்கிறது. ஐந்து சனிக்கிழமையும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அம்மாவிடம் பிரதிநிதிக்கு விலக்கு என்று ஒரு புளுகு.

முத்து என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவள் பாட்டுக்குக் கோட்டைத் துவைத்தாள், இஸ்திரி போட்டாள், என்னுடையதையும் சேர்த்து. அதில் எனக்கு இன்னும் எரிந்தது.

கடைசிப் பட்டியல் ஒட்டிய அன்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு முதலில் அவள் பெயரைத் தேடினேன். ஐம்பதுக்கு முப்பத்தெட்டு, எழுபத்தாறு. தகுதி. எரிச்சலோடு அடுத்த வரிக்கு வந்தேன். ஐம்பதுக்கு முப்பத்தொன்று, அறுபத்திரண்டு. தகுதி இல்லை. அது என் பெயர்.

துறைத் தலைவர் அறைக்கு ஓடினேன். "சார், அந்தப் பத்து வகுப்பு எங்களுக்கு வர வேண்டிய பாக்கி. நான் வாங்கிக்கல, அவ்வளவுதான். அதை எப்படி என் கணக்குல சேக்கலாம்?"

அவர் கோபப்படவில்லை. "வகுப்பு நடந்துச்சா?"

"நடந்துச்சு."

"நடந்த வகுப்புக்கு வர்றேன்னு இடப் பக்கத்துல யார் கையெழுத்து?"

"என்னோடதுதான் சார்."

"வலப் பக்கத்தை வரி விடாம வச்சிருக்கே, அதுல எனக்குச் சந்தோஷம்தான். கேக்க ஆள் இல்லாமத்தான் அது மூணு வருஷம் சும்மா தொங்கிச்சு." மேஜையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். "ஒரு வழி இருக்கு. முன்னறிவிப்புக் கிடைக்காதவங்களுக்கு அந்த வகுப்பு கணக்குல சேராது. அதுவும் வலப் பக்கம்தான். கையெழுத்துத் தாள் இன்னும் ஆபீஸுக்கு வரல. நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் கொண்டு வா."

படிக்கட்டு இறங்கும்போது முதலில் உயிர் வந்தது. என் கட்டம் காலி. பத்தும் கழிந்தால் மறுபடி நாற்பதுக்கு முப்பத்தொன்று, ஹால் டிக்கெட் கையில். கடைசிப் படிக்கு வந்தபோது இன்னொரு காலிக் கட்டம் ஞாபகத்துக்கு வந்தது. ஒரே வீட்டில் இருப்பவளிடம் நான் நீட்டவில்லை என்பது அந்தத் தாளில் பளிச்சென்று தெரியும். மேடம் பார்ப்பார். அப்பா காதுக்கும் போகும்.

சாயங்காலம் அறையில் தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முத்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மறைக்க நேரமில்லை. வந்து என் தோளுக்கு மேலே பார்த்தாள்.

"உன் கையெழுத்து இல்லையேடி" என்றாள். "அப்ப உன்னைத் தடுக்க முடியாது. பரீட்சை எழுதிடலாம்."

"உன்னோடதும்தான் இல்ல" என்றேன். எவ்வளவு நேரம் மென்று முழுங்குவது?

"தெரியும்."

"எப்பத்திலிருந்து?"

"முதல் சனிக்கிழமையே. தாள்ல போட்டியான்னு மேடம் கேட்டாங்க. போட்டேன்னு சொல்லிட்டேன்."

என் பேனாவை எடுத்தாள். அவள் கட்டத்தில் கையெழுத்துப் போட்டு, மேடம் போன் பண்ணிய வெள்ளிக்கிழமைத் தேதியை எழுதினாள். "எனக்குத் தெரிஞ்சது அன்னிக்குத்தானே. பொய் இல்ல. இப்ப உன்னோடது மட்டும்தான் காலி. கொண்டு போய்க் குடு."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தது. "ஏண்டி, நல்லவளா இருக்கறதுக்குக்கூட எனக்கு இடம் விட மாட்டியா? கட்டிலை எடுத்துக்கிட்ட, அப்பாவை எடுத்துக்கிட்ட, மேடத்தை எடுத்துக்கிட்ட. நீ பரீட்சை எழுதக் கூடாதுன்னுதான் நான் மறைச்சேன். அந்தப் பத்து புதன்கிழமையும் வயித்தெரிச்சல்லதான் எழுதினேன். உனக்குக் கோபமே வராதா?"

அவள் மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தாள். "வரும்" என்றாள். "உனக்கு மஞ்சள் காமாலை வந்தப்ப வந்துச்சு. ரெண்டு வாரம் உங்கம்மா உன் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. நெத்தியத் தொட்டுத் தொட்டுப் பாத்தாங்க. நான் காய்ச்சல்னு படுத்தா எங்கம்மாவால எந்திரிச்சு வர முடியாது. இவளுக்கு வந்தது எனக்கு வந்திருக்கக் கூடாதான்னு நினைச்சேன். அந்த ரெண்டு வாரமும் உன்னைப் பாத்தாலே பத்திக்கிட்டு வந்துச்சு."

என்னைப் பார்த்துப் பொறாமைப்பட ஒரு ஆள் இருந்திருக்கிறாள். அதுவும் என் மஞ்சள் கண்ணைப் பார்த்து. அம்மா சமையலறையிலிருந்து, விளக்கைப் போடாமல் இருட்டில் என்னடி பண்றீங்க என்று என் பெயரைச் சொல்லிக் கத்தினாள். முத்துவின் தலை அந்தச் சத்தம் வந்த பக்கம் திரும்பியது. இத்தனை நாளில் அதை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் பத்து மணிக்குத் துறைத் தலைவர் அறையில் மேடமும் இருந்தார். தாளை நீட்டினேன். அவர் பெயர் பெயராக விரலை வைத்துக்கொண்டே இறங்கி, என் கட்டத்தில் நிறுத்தினார்.

"உன்னோடது காலியா இருக்கே." குரலில் ஒரு நிம்மதி இருந்தது. நல்ல மனுஷர். "உனக்கு யாரும் முறைப்படி அறிவிக்கல. அப்ப பத்தையும் கழிச்சுடலாம்." பட்டியலை இழுத்துப் பேனா மூடியைத் திறந்தார்.

மேடம் என்னைப் பார்த்தார். நான் சரி என்றால் போதும், ஹால் டிக்கெட். தெரிந்தவள் தெரியும் என்று போட்டுவிட்டாள். தாளைச் சுமந்துகொண்டு நாற்பது பேரிடம் நீட்டியவள் நான், எனக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டும். சொல்லியிருப்பேன். அதைவிட மோசமானதையெல்லாம் செய்தவள்தான். ஆனால் அன்றிரவு அதே அறையில், அடுத்த கட்டிலில் அவள் படுத்திருப்பாள், அப்போதும் ஒரு வார்த்தை கேட்க மாட்டாள்.

"ஒரு நிமிஷம் சார்" என்று தாளைத் திரும்ப வாங்கினேன். "இது என் கையிலதான் குடுத்தீங்க. அந்த வெள்ளிக்கிழமை காலைல."

மேஜை ஓரத்தில் வைத்துக் கட்டத்துக்குள் கையெழுத்துப் போட்டேன், தேதியும் எழுதினேன். ஆடாத கை என்று பேர் வாங்கிய கை கொஞ்சம் ஆடியது. துறைத் தலைவர் பேனாவை மூடினார். "அடுத்த செமஸ்டர்ல இந்தப் பேப்பரை எழுதலாம்" என்றார். சரி சார் என்றேன்.

சேர்ந்த அன்று இரண்டு பேரும் ஒன்றாக வரிசையில் நின்றதால் எங்கள் பெயர்கள் அடுத்தடுத்து இருக்கும், அவள் மேலே, நான் கீழே. தாளைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்தேன். என்னுடையது கட்டத்தைத் தாண்டி, கோழி கிளறிய மாதிரி கிடந்தது. பாழாய்ப்போனவள், இருட்டில் நின்றுகொண்டு போட்டதுகூட முத்து முத்தாக இருந்தது.